சந்தேகம்னு ஒரு வார்த்தை

டப்பா வந்திருச்சு. மூடியில ஒட்டின வெள்ளை பிளாஸ்டர்ல ஆபரேஷன் தியேட்டர் நர்ஸோட கிறுக்கல்: ராஜாங்கம், வலது முன்கை, கட்டி. வலது கைதான். தெரியும்டா எனக்கு அந்தக் கையை, அதை எழுதி வேற காட்டணுமா. டெக்னீஷியன் மும்தாஜ் டப்பாவை என் முன்னாடி வச்சுட்டு, "ஃப்ரோசன் மேடம். ஃபெலிக்ஸ் சார் சீக்கிரம் சொல்லச் சொன்னார்"ங்கிறா. அவர் என்னைக்கு மெதுவாச் சொல்லச் சொன்னார். ஆளை மேஜையில மயக்கத்துல கிடத்தி, கையைக் கிழிச்சுத் திறந்து வச்சுக்கிட்டு, கட்டியில ஒரு துண்டை அறுத்து இப்படி டப்பாவுல போட்டு அனுப்பிருவாங்க. நான் அதை உறைய வச்சு, சீவி, சாயம் ஏத்தி, மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டு, கான்சரா இல்லையான்னு உள்ளுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லணும். அது வரைக்கும் கத்தி காத்துக்கிட்டு நிக்கும். இந்தக் கட்டி முன்கையில ஓடுற பெரிய நரம்பைச் சுத்தி வளைச்சு உக்காந்திருக்காம். காலையில கேன்டீன்ல தோசையைப் பிய்ச்சுக்கிட்டே ஃபெலிக்ஸ் சொன்னார்: "கான்சர் இல்லன்னு நீங்க சொன்னா நரம்பை விட்டுட்டுக் கட்டியை மட்டும் உரிச்சு எடுத்துருவேன் மேடம். கான்சர்னா நரம்பு, தசை எல்லாத்தையும் சேர்த்து வாரிருவேன். கை இருக்கும், ஆனா சும்மா தொங்கும். திரும்ப ஒரு தடவை திறந்து பார்க்கிற சோலியெல்லாம் எங்கிட்ட இல்ல. சந்தேகம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாலே போதும், எடுத்துருவேன். கையை விட உயிரு முக்கியம்." நான் காபியைக் குடிச்சுக்கிட்டே தலையாட்டினேன். அந்தக் கை என் தங்கச்சி புருஷனோட கைன்னு அவருக்குத் தெரியாது. நான் சொல்லல. சொல்லியிருந்தா வேற ஆளைப் பார்க்கச் சொல்லியிருப்பார். வேற ஆளு யாரு இருக்கா, இன்னொரு டாக்டரம்மா அண்ணன் மகன் கல்யாணத்துக்குக் காரைக்குடி போயிருக்கா. சரி, அதெல்லாம் சாக்கு. நானே பார்க்கணும்னு இருந்தேன், அதான் வாயை மூடிக்கிட்டேன்.

மூடியைத் திறக்கிறேன். பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். சாம்பல் வெளுப்பு, அங்கங்க ரத்தச் சிவப்பு, கிளவுஸ் போட்ட விரல்ல எடுத்தா வழுக்குது. சூடு இன்னும் முழுசாப் போகல. அவன் உடம்புச் சூடு. சித்த முன்னாடி வரைக்கும் இந்தச் சதையில அவன் ரத்தம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்படியே கசக்கிப் போட்டா என்ன. ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு நசுக்கிக் கூழாக்கி சிங்க்குல விட்டுட்டு, துண்டு கெட்டுப் போச்சு இன்னொண்ணு அனுப்புங்கன்னு சொன்னா என்ன. இன்னொண்ணு வரும், அதையும் நசுக்கலாம், நாள் பூரா அவனைத் துண்டு துண்டா வரவழைச்சு நசுக்கிக்கிட்டே இருக்கலாம். கத்தியை எடுக்கிறேன். எங்க லேபுல "வெட்டியாச்சா"ன்னுதான் காலையில இருந்து ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்குவோம். அந்த மார்பு வெட்டியாச்சா, அந்தக் குடல் வெட்டியாச்சா. வெளிய இருந்து கேக்கிறவன் போலீஸைக் கூப்பிட்டுருவான். எனக்கு ஒருநாளும் அந்த வார்த்தை உறுத்தினது இல்ல. இன்னைக்குக் கத்தி துண்டுக்குள்ள இறங்கும்போது உடம்பெல்லாம் சிலிர்க்குது, நல்லா இருக்கு, நெசமாவே நல்லா இருக்கு, இந்த நெல்லிக்காய் போதாது, தோள்ல இருந்து விரல் நுனி வரைக்கும் முழுக் கையும் இந்தப் பலகை மேல கிடக்கணும். "மதினி பொணம் அறுக்கிற டாக்டர்தான, அவங்க கையால சோறு போட்டா எனக்கு இறங்காது"ன்னு எங்க அம்மா வீட்டு விருந்துல, இலை முன்னாடி உக்காந்துக்கிட்டுச் சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. எங்க அப்பாவும் சிரிச்சார். நானும் பல்லைக் காட்டினேன் பாரு, அதுக்கு என்னைச் செருப்பால அடிக்கணும். எங்க சொந்தத்துக்கு ஊசி போட்டாத்தான் டாக்டர், மாத்திரை எழுதிக் குடுத்தாத்தான் டாக்டர். நான் ரத்தம் டெஸ்ட் பண்றவ. இப்பவும் அவன் அப்படித்தான் நினைச்சுக்கிட்டுப் படுத்திருப்பான். தன்னோட கை எவ வாயில இருக்குன்னு அந்த எடுபட்ட பயலுக்குத் தெரியாது.

அவனுக்குச் சந்தேகம். தங்கச்சி மாரி அப்படித்தான் சொல்லுவா, சளி பிடிச்சிருக்குன்னு சொல்ற மாதிரி. "அவருக்குக் கொஞ்சம் சந்தேகம்க்கா, மத்தபடி நல்லவர்." சந்தனமாரின்னு பேரு வச்சு, வீட்டுல செல்லமா வளர்த்த புள்ளை. பால்காரர்கிட்ட சில்லறை வாங்கும்போது விரல் பட்டுச்சான்னு சந்தேகம். மாடியில துணி காயப்போட இவ்வளவு நேரமான்னு சந்தேகம். மக யாழினியோட ஸ்கூல் மீட்டிங்குக்கு எதுக்கு அந்தப் புடவைன்னு சந்தேகம். சந்தேகம் வந்தா பின்னாடியே வலது கை வரும். ஒரு தீபாவளிக்குத் தாடை வீங்கி, அதுக்கு மேல பவுடரை அப்பிக்கிட்டு வந்து நின்னா. "பல்லு வலி, அக்கா"ன்னா. ஏண்டி, நான் யாரு, எங்கிட்டயே பல்லு வலியா. விரல் அஞ்சும் தனித்தனியாப் பதிஞ்சிருக்கு, அதுல மோதிர விரலு மட்டும் ஆழமா. இடது காது அவளுக்கு இப்ப கேக்காது. ஃபோனை எடுத்தா வலது காதுக்கு மாத்திக்கிட்டுத்தான் "சொல்லுக்கா"ம்பா. நான் உசிலம்பட்டிக்கே போனேன், அவன் உரக்கடைக்கு. மூட்டைக மேல சாஞ்சு உக்காந்து கால்குலேட்டரைத் தட்டிக்கிட்டு இருந்தான். போலீஸுக்குப் போவேன்னேன். "போங்க மதினி. உங்க தங்கச்சியே வந்து இல்லன்னு சொல்லுவா"ன்னான், தலையைக் கூடத் தூக்கல. போனேன். அவளும் வந்தா. ஸ்டேஷன்ல பெஞ்சுல என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "கீழ விழுந்துட்டேன் மேடம்"னு இன்ஸ்பெக்டரம்மாகிட்டச் சொன்னா. அந்த நிமிஷம் நானே அவளை ஓங்கி ஒரு அறை விட்டிருப்பேன். வெளிய வந்து மரத்துல கையால குத்தினேன், தோல் உரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அவ என்னோட பேசக் கூடாதுன்னு வீட்டுல உத்தரவு. பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு, அந்தத் தண்ணிச் சத்தத்துக்குள்ள இருந்துதான் எனக்கு ஃபோன் பண்ணுவா. நேத்தும் அப்படித்தான் பண்ணினா. "உன் ஆஸ்பத்திரிக்குத்தான்க்கா வர்றோம், கைக் கட்டிக்கு. மதுரையில இதுக்கு வேற இடம் இல்லையாம். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னார். நீ வந்து நிக்காத." சரிடி, வந்து நிக்கல. இங்கனயே உக்காந்திருக்கேன்.

மும்தாஜ் துண்டை ஒரு சின்ன உலோக வட்டு மேல வச்சு, மேல கோந்து ஊத்தி, கிரையோஸ்டாட்டுக்குள்ள தள்ளிட்டா. ஐஸ் பெட்டிக்குள்ள ஒரு பிளேடை வச்ச மாதிரி மிஷின் அது. உள்ள துண்டு வெளுத்து, கல்லு மாதிரி இறுகுது. அவ பிடியைச் சுத்தச் சுத்த, பிளேடு வந்து வந்து சீவுது. சர்க், சர்க். ஒவ்வொரு சர்க்குக்கும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு "அப்படிப் போடு". வெங்காயத் தோலை விட மெல்லிசாச் சுருண்டு வருது. "ஒழுங்காவே வர மாட்டேங்குது மேடம், கிழிஞ்சு கிழிஞ்சு போகுது"ன்னு சலிச்சுக்கிறா. கிழியட்டும். கிழியுதுன்னா உள்ள சதை தளர்ந்து கிடக்குன்னு அர்த்தம், கான்சர்லயும் அப்படி இருக்கும், கான்சர் இல்லாததுலயும் அப்படி இருக்கும். இது எனக்குத் தெரியாட்டி யாருக்குத் தெரியும். என் ஆராய்ச்சியே இதுலதான். கான்சர் வேஷம் போடுற கட்டிக. அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகள்ல மெழுகுல பதிச்சு வச்சிருக்கிற பழைய சதைத் துண்டுகளை வாங்கிட்டு வந்து, திரும்பவும் சீவிப் பார்த்து, அன்னைக்குக் கான்சர்னு எழுதினது நெசமாவே கான்சர்தானான்னு பார்க்கிற வேலை. யாருக்கும் பிடிக்காத வேலை. செத்தவங்க தப்பைத் தோண்டுறியேன்னு மூஞ்சியைச் சுளிப்பாங்க. அதுல ஒரு பொண்ணு. பூக்கட்டிக்கிட்டு இருந்தவளாம். முன்கையில இப்படித்தான் ஒரு கட்டி, கிடுகிடுன்னு வளர்ந்திருக்கு, கான்சர்னு எழுதிட்டாங்க, தோளோட கையை எடுத்துட்டாங்க. நான் பார்த்தப்ப அது கான்சரே இல்ல. தசையைப் போர்த்தியிருக்கிற உறையில வர்ற ஒரு வீக்கம். நோடுலர் ஃபேஸ்சியைட்டிஸ்னு பேரு, பேரு கிடக்குது பேரு. பார்க்க வெறி பிடிச்ச மாதிரி வளரும், செல்லு செல்லாப் பிளந்து தள்ளும், எப்பேர்ப்பட்ட டாக்டரும் பார்த்த உடனே பயந்து போயிருவான். சும்மா விட்டாலே சில மாசத்துல அடங்கிப் போற சனியன். அதுக்குப் போயி ஒரு கை. பூக்கட்டுறவளோட கை. அந்த ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டவர் உயிரோட இல்ல, இருந்திருந்தா வீட்டு வாசல்ல போயி நின்னு கேட்டிருப்பேன். கோயம்புத்தூர் மாநாட்டுல மேடை ஏறி, இதுக்குப் பேரு தப்பு இல்லய்யா, குத்தம்னு கத்தினேன். கை தட்டினாங்க, அப்புறம் சாப்பிடப் போயிட்டாங்க.

ஸ்லைடு வந்திருச்சு, ஊதாவும் ரோஸுமா, ஈரம் காயாம. மைக்ராஸ்கோப்புக்கு அடியில தள்ளிக் கண்ணை வைக்கிறேன். அடேங்கப்பா. கலவரம். கூரான நீட்டுச் செல்லுக நாலா பக்கமும் ஓடுது, ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து மிதிச்சுக்கிட்டு ஓடுது. நடுவுல நடுவுல கிழிசல், கிழிசல் பூரா ரத்தம் சிந்திக் கிடக்கு. செல்லு ரெண்டாப் பிளக்குது, இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு, இந்தா இன்னொண்ணு, எங்க பார்த்தாலும் பிளந்துக்கிட்டே இருக்கு. தசைக்குள்ள வேரை விட்டுப் போயிக்கிட்டு இருக்கு ஓரம். கான்சர். கான்சர்டா உனக்கு. மாட்டினியா. கண்ணை எடுக்காம சிரிச்சேன் போல, மும்தாஜ் "என்ன மேடம்"ங்கிறா. ஒண்ணுமில்லடி, நீ அடுத்த ஸ்லைடைப் போடு. உள்ள ஃபெலிக்ஸ் எல்லாத்தையும் வாரட்டும், நரம்பைப் பிடிச்சு இழுத்து வெடுக்குனு நறுக்கட்டும், தசையைச் சுரண்டட்டும், எலும்பு தெரியத் தெரியச் சுரண்டட்டும். முழிச்சுப் பார்க்கிறப்ப அந்தக் கை செத்த பாம்பு மாதிரி பக்கத்துல கிடக்கணும். ஓங்கச் சொல்லு பார்ப்போம். சோத்தைப் பிசைய முடியாது, சட்டைப் பட்டனைப் போட முடியாது, கால்குலேட்டரைத் தட்ட முடியாது, எல்லாத்துக்கும் என் தங்கச்சி முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்கணும் அந்தத் தொங்கட்டானை. அவ சட்டையை மாட்டி விடுவா. மாட்டி விடுறப்ப வலிக்கணும். சந்தோஷத்துல எனக்குக் கண்ணே கலங்கிருச்சு, லென்ஸுல ஆவி பிடிச்சுப் போச்சு. முந்தானையால துடைச்சுட்டுத் திரும்பவும் பார்க்கிறேன்.

திரும்பப் பார்த்திருக்கக் கூடாது. ஒரு தடவை பார்த்துட்டு ஃபோனை எடுத்திருக்கணும். செல்லு பிளக்குது, ஆனா ஒழுங்காப் பிளக்குது. கான்சர்ல பிளக்குறது கோணல் மாணலா, மூணாக் கிழிஞ்சு, அலங்கோலமா இருக்கும். இதுல எல்லாம் நேர்த்தியா ரெண்டு ரெண்டா. ஒவ்வொரு செல்லோட நடுக்கருவும் ஒரே அச்சு, பெருசு சிறுசு இல்ல, கறுத்துப் போனது ஒண்ணு கூட இல்ல. கலவரம்தான், ஆனா கையில அருவா எவன்கிட்டயும் இல்ல. சும்மா கத்திக்கிட்டு ஓடுறாங்க. அய்யோ. பூக்கட்டுறவளோட ஸ்லைடு. அதே மாதிரி அப்படியே இருக்கு. இல்ல இல்ல, உனக்கு எங்க பார்த்தாலும் அதுவாத்தான் தெரியும், ஆராய்ச்சி பண்ணிப் பண்ணிப் பைத்தியம் பிடிச்சிருச்சு. ஓரத்துல தசைக்குள்ள போகுதே, அது? அதுவும் போகும், அந்தச் சனியன் அப்படித்தான் போகும், நீதான மேடையில சொன்ன. அடிபட்ட இடத்துலயும் வரும்னு வேற சொன்ன. அடிபட்டுச்சான்னு கேளு. இன்டர்காமை எடுக்கிறேன். "டாக்டர், அந்தக் கையில எப்பவாச்சும் அடிகிடி பட்டுச்சா?" பின்னாடி மானிட்டர் பீப் பீப்ங்குது. "கேட்டேன் மேடம். ஒண்ணும் இல்லங்கிறார். தானா வீங்குச்சாம். என்ன, சொல்லலாமா?" "ஒரு நிமிஷம்." வைக்கிறேன். தானா வீங்குச்சாம். வீங்குமாடா தானா? மாரி ஒருநாள் குழாய்ச் சத்தத்துக்குள்ள இருந்து கூப்பிட்டு, "அக்கா, ஒரு கூத்தைக் கேளு"ன்னா. கை ஓங்கிட்டு வந்திருக்கான். இவ குனிஞ்சிருக்கா. "குனிஞ்சிட்டேன்க்கா! அது வரைக்கும் எனக்குக் குனியணும்னே தோணினது இல்ல. கை போயி நிலைக்கதவுல பட்டு நின்னுச்சு. அம்மாடின்னு கத்தினார் பாரு, நான் பாத்ரூமுக்குள்ள ஓடி வந்துட்டேன்." சிரிச்சா. அவ சிரிச்சுக் கேட்டு எவ்வளவு காலம் ஆச்சு. நானும் சிரிச்சேன். அடுத்த வாரமே முன்கை வீங்கிப் போச்சுன்னா. குனிஞ்சதுக்கு வந்த வீக்கம் இது. அவளை அடிக்கப் போயி வாங்கிக்கிட்டது, அதை எப்படி டாக்டர்ட்டச் சொல்லுவான், வாயைத் திறந்தா மானம் போயிருமே. மானத்துக்காகக் கையை விடப் போறான், அது அவனுக்கே தெரியாது. இந்த உலகத்துல இது தெரிஞ்சவ நான் ஒருத்திதான்.

பொய் கூடச் சொல்ல வேணாம். அதுதான் நாக்குல வந்து உக்காந்துக்கிச்சு. கான்சர்னு நான் சொல்லவே வேணாம். சந்தேகமா இருக்கு டாக்டர். அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. மயக்கத்துல கிடக்கிற ஆளு, அவசரத்துல நிக்கிற டாக்டர், உறைய வச்சுச் சீவின கிழிஞ்ச துண்டு, இதுல சந்தேகம்னு எந்த நிபுணர் சொன்னாலும் யாரு குத்தம் சொல்லப் போறா? ரெண்டு நாள் கழிச்சு முழு ரிப்போர்ட் வரும்போது, நல்ல வேளை கான்சர் இல்லன்னு எழுதிக்கலாம். கை போனது போனதுதான். மாரியோட தாடை, மாரியோட காது, எல்லாத்துக்கும் கணக்குத் தீர்ந்துச்சு. சொல்லுடி. இன்டர்காமை எடுத்துச் சொல்லு. கை போகல எனக்கு. ஏன் போகல? அவன் மேல இரக்கமா? மசுரு இரக்கம். அவன் கை அழுகி விழுந்தாலும் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். பின்ன என்ன? கண்ணு பார்த்துருச்சு. பார்த்ததைப் பார்க்கலன்னு சொல்ல என் கண்ணுக்குத் தெரியல, அதுதான் இழவு. பால்காரர் விரல் படல, அவனுக்கும் தெரியும் படலன்னு. தெரிஞ்சும் சந்தேகம்னு சொல்லித்தான ஓங்குறான். இப்ப நானும் அதே வார்த்தையைச் சொல்லப் போறேன், தெரிஞ்சே. மயங்கிக் கிடக்கிறவனை, எதிர்த்துக் கையைத் தூக்க முடியாதவனை. அய்யோ, எனக்கு இந்த நியாயமெல்லாம் வேணாம், எனக்கு அவன் கை வேணும். ஃபோன் அடிக்குது. "மேடம்?" ஃபெலிக்ஸ் குரல்ல எரிச்சல். "சந்தேகமா இருந்தா சொல்லிருங்க மேடம், எடுத்துருவோம்." எடுத்துக் குடுக்கிறான்யா மனுஷன், இலையில வச்சு. என் வாயி திறந்துச்சு. "சந்தேகமே இல்ல டாக்டர்." என் குரல்தான், ஆனா வேற யாரோ பேசுற மாதிரி நிதானமா இருந்துச்சு. "கான்சர் இல்ல. நோடுலர் ஃபேஸ்சியைட்டிஸ். நரம்பைத் தொடாதீங்க." "அடிபடலன்னாரே?" "பட்டிருக்கு. நான் எழுதிக் குடுக்கிறேன்." "சூப்பர் மேடம், கை பொழைச்சுது"ன்னு சிரிச்சுட்டு வச்சுட்டார். பொழைச்சுது. ஸ்லைடை எடுத்தேன், கட்டை விரலால அழுத்தினேன், டொக்குனு ரெண்டா உடைஞ்சு கிளவுஸைக் கிழிச்சு விரல்ல ஏறிருச்சு. மும்தாஜ் பதறி ஓடி வந்தா. நல்ல வேளை இன்னொரு ஸ்லைடு இருக்கு. குழாய்த் தண்ணிக்கு அடியில விரலைப் பிடிச்சுக்கிட்டு, அந்த நாசமாப் போறவனை, அவன் பரம்பரையை, என்னை, என் படிப்பை எல்லாத்தையும் வாயில வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

வெளிய தியேட்டர் வராண்டாவுல மாரி பச்சைக் கலர் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருந்தா, மடியில ஒயர்கூடை. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு, யாராச்சும் பார்க்கிறாங்களான்னு சுத்தும் முத்தும் பார்த்தா. அவன் உள்ள மயங்கிக் கிடக்கான்டி, யாரைப் பார்க்கிற. வலது பக்கமா வந்து நின்னு, "கான்சர் இல்ல. நரம்பும் தப்பிச்சிருச்சு. கை பழையபடி ஆயிரும்"னேன். அழுவான்னு நினைச்சேன், சாமியைக் கும்பிடுவான்னு நினைச்சேன். அவ மொகத்துல ஒண்ணுமே வரல. கூடைக் காதைத் திருகிக்கிட்டே இருந்தா. அப்புறம், "கட்டு எத்தனை நாளைக்கு இருக்கும்க்கா"ன்னா. எனக்கு உடனே ஏறல, டாக்டர் புத்தி, கேட்டதுக்குப் பதில் சொன்னேன். கட்டெல்லாம் சும்மா நாலஞ்சு நாளைக்குத்தான், தையல் பிரிச்சதும் கையை நல்லா மடக்கி நீட்டலாம். "நாலஞ்சு நாளுதானா?" அப்பத்தான் அவ மொகம் மாறுச்சு. கான்சர்னு சொல்லியிருந்தா எப்படி மாறியிருக்குமோ அப்படி மாறுச்சு. உதட்டைக் கடிச்சுக்கிட்டா. "யாழினிக்குப் பன்னெண்டாவது பரீட்சைக்கா. இப்பத்தான் தமிழ் முடிஞ்சிருக்கு. வீட்டுல சத்தம் கேட்டா அவளுக்குப் படிப்பு ஏற மாட்டேங்குது. புத்தகத்தை வச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டே உக்காந்திருக்கா." "கிளம்புடி. அவளையும் கூட்டிக்கிட்டு இப்பவே எங்க வீட்டுக்கு வா"ன்னேன். அவ தலையை ஆட்டினா. "பரீட்சை எழுதுற ஸ்கூல் அங்கதானக்கா இருக்கு. இப்ப அவளைக் கலைச்சா எல்லாம் போச்சு. முடியட்டும். முடிஞ்ச அன்னைக்கே வந்துர்றோம். சத்தியமா வந்துர்றோம்க்கா, நான் முடிவு பண்ணிட்டேன். அது வரைக்கும் அந்தக் கை சும்மா இருந்தாப் போதும்." ஸ்டேஷன்ல பொய் சொன்னப்ப என் கையைப் பிடிச்ச அதே மாதிரிதான் பிடிச்சிருந்தா, ஆனா இப்பக் கண்ணை நேராப் பார்த்துச் சொன்னா. நான் சுவத்துல இருந்த இன்டர்காமை எடுத்துத் தியேட்டரைக் கூப்பிட்டேன். ஃபெலிக்ஸ் தையல் போட்டுக்கிட்டு இருந்தாராம், நர்ஸ் அவர் காதுல வச்சா. "டாக்டர், மாவுக்கட்டு போடுங்க. முழங்கைக்கு மேல வரைக்கும், விரலையும் சேர்த்து." "எதுக்கு மேடம்? நரம்பு முழுசா நல்லா இருக்கே. தேவையே இல்லையே." "தேவை இருக்கு டாக்டர். போட்டு விடுங்க, ஏன்னு அப்புறம் நேர்ல வந்து சொல்றேன்." "சரி, நீங்க சொல்றீங்க. எத்தனை நாளைக்குப் போடணும்?" நான் ஃபோனைக் கையால பொத்திக்கிட்டு மாரியைப் பார்த்துக் கேட்டேன்.

"கடைசிப் பரீட்சை என்னைக்குடி?"